சமையலறை இல்லாத ஊரில் எடை: சிங்கப்பூர் வாசகர்களின் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, எடை ஏறிக்கொண்டே போகிறது, என்ன செய்வது? நானும் அங்கே பதினோரு வருடம் இருந்தவள், உணவு ஆலோசகராக வேலை பார்த்தவள் என்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 31. திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வரும்போது 68 கிலோ, இப்போது 79. உயரம் 170 செ.மீ. தெம்பனிஸில் ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறேன், வீட்டுக்காரர் முதல் நாளே சமையல் கூடாது என்று சொல்லிவிட்டார். காலையில் பிராட்டா (நம் ஊர்ப் பரோட்டா மாதிரி), மதியம் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் உணவங்காடியில் சோறு, இரவும் கடைதான். இடையில் மூன்று நான்கு டீ. இணையத்தில் பார்க்கிற டயட் எல்லாம் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இருக்கிறது. சமைக்காமல் எடை குறைக்க முடியுமா, முடியாதா?

முடியும் தம்பி. சொல்லப்போனால், தினமும் வெளியே சாப்பிட்டுக்கொண்டே எடையைப் பார்த்துக்கொள்ள வசதியான ஊர்களில் சிங்கப்பூரும் ஒன்று. காரணம் என்னவென்றால், அங்கே உணவங்காடியில் பல கடைகளில் உங்கள் தட்டை உங்கள் கண் முன்னால்தான் நிரப்புகிறார்கள். ஹோட்டலில் மேசையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் காத்திருக்கிற கதை இல்லை. கடைக்காரர் கரண்டியை எடுக்கும்போது நீங்கள் இரண்டடி தூரத்தில் நிற்கிறீர்கள். அந்த அரை நிமிடம்தான் உங்கள் சமையலறை. அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்லப் போவது, மற்றதெல்லாம் எதைக் கேட்பது என்பதுதான்.

அதற்கு முன்னால் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். 68 கிலோவில் உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று காட்டுகிற எண், 23.5, இப்போது 27.3. பல உலகப் பட்டியல்களில் 25 வரை சரி, 30 தாண்டினால்தான் பருமன் என்று இருக்கும், அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நம் ஆசிய உடம்புக்கு அந்த அளவு பொருந்தாது, 23 தொட்டாலே கவனம் வேண்டும், 27.5 என்றால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் ஆபத்து அதிகம் என்றுதான் சிங்கப்பூரிலேயே வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்த வாசலுக்கு அரைக் கிலோ பக்கத்தில் நிற்கிறீர்கள். அப்புறம், இடுப்பையும் அளந்து பாருங்கள். பேன்ட் சைஸைச் சொல்லவில்லை, பேன்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டால் அது பத்து வருடம் ஆனாலும் 34தான் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., அதைத் தாண்டக் கூடாது.

இப்போது டீக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன இடம் அதுதான். காப்பிக்கடையில் டீ போடுகிறவரை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் குவளையில் கண்டென்ஸ்டு மில்க்கைக் கரண்டியால் விடுவார். டிகாக்ஷன் ஊற்றுவதற்கு முன்னால் குவளையின் அடியில் கெட்டியாக, மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும். அது பால் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி போட்டால் சர்க்கரை மட்டும் சுமார் 20 கிராம், கலோரி சுமார் 130. நாளைக்கு நான்கு என்றால் 500 கலோரிக்கு மேல், அதாவது வயிறு நிறையாமலே ஒரு வேளைச் சாப்பாடு உள்ளே போய்விடுகிறது. சேர்த்த சர்க்கரை நாளுக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம், முடிந்தால் 25க்குள் நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நீங்கள் டீயிலேயே 80 தொடுகிறீர்கள்.

டீயை விடச் சொல்லவில்லை. பேரை மாற்றிச் சொல்லுங்கள். 'தே' என்றால் கண்டென்ஸ்டு மில்க், 'தே சி' என்றால் இனிப்பில்லாத கெட்டிப் பாலும் சர்க்கரையும், 'தே ஓ' என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். எதன் பின்னாலும் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை இல்லை என்று அர்த்தம், மலாயில் காலி என்பதற்குச் சொல்கிற வார்த்தை. 'சியூ தாய்' என்றால் இனிப்பு குறைவாக. ஒரேயடியாகத் 'தே சி கோசோங்' குடித்தால் முதல் நாள் வாயில் வைக்க முடியாது, அதனால் இரண்டு வாரம் 'தே சி சியூ தாய்', அப்புறம் கோசோங் என்று இறங்குங்கள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பழைய டீயை யாராவது வாங்கிக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கும், நாக்கு அவ்வளவு சீக்கிரம் பழகிவிடும். இந்த ஒரு மாற்றத்தில் நாளுக்கு 300, 350 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, நீங்களே வகுத்துப் பாருங்கள், மாதம் ஒரு கிலோவுக்கு மேல் வரும். உடம்பு கணக்குப் புத்தகம் மாதிரி நடக்காது, கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும், இருந்தாலும் சாப்பாட்டில் கை வைக்காமலே இது கிடைக்கிறது.

டின், பாட்டில் பானங்களில் சர்க்கரையையும் கொழுப்பையும் வைத்து ஏ, பி, சி, டி என்று தரம் போட்ட நியூட்ரி கிரேட் இருக்கும். 2022 டிசம்பர் கடைசியில் கொண்டு வந்தார்கள், ஒரு வருடம் கழித்து பபிள் டீ மாதிரி கடையில் கலந்து கொடுக்கிற பானங்களுக்கும் நீட்டினார்கள். 100 மில்லியில் சர்க்கரை 10 கிராமைத் தாண்டினால் டி. சி, டி இரண்டையும் தொடாதீர்கள். சின்னக் கடைகளுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு, அதனால் காப்பிக்கடையில் எழுத்தைத் தேடாமல் நீங்களேதான் கேட்க வேண்டும்.

சரி, மதியச் சோறு. கண்ணாடிக்குப் பின்னால் இருபது தட்டில் காய்கறியும் கறியும் வைத்து நீங்கள் கை காட்டக் காட்ட சோற்றின் மேல் வைத்துக் கொடுக்கிற கடை, அதைச் சாய் பிங் என்பார்கள். உங்களுக்கு நான் முதலில் அனுப்புவது அங்கேதான். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிற தட்டு நினைவிருக்கட்டும்: பாதி காயும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, தவு என்கிற சோயாக் கட்டி. இந்தக் கடையில் அது அப்படியே நடக்கும். "லெஸ் ரைஸ், அங்கிள்" என்பதை அவர் சோற்றில் கரண்டியை விடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், தட்டில் விழுந்த பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டு காய், ஒரு மீன் அல்லது முட்டை அல்லது தவு. கத்தரிக்காயைக் கை காட்டாதீர்கள், அது எண்ணெயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும், கீரை, முட்டைக்கோஸ், அவரை, பாகற்காய் இருந்தால் அதைக் காட்டுங்கள். கடைசியில் அவர் ஒரு கரண்டி கறிக் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றப் போவார், அது அவருக்கு அன்பு, கேட்காமலே செய்வார். அங்கேதான் 'நோ கிரேவி' சொல்ல வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி, மேலே மிதக்கிற சிவப்பெல்லாம் அதுதான்.

சிக்கன் ரைஸ் பிடிக்கும் என்றால் வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள், ஒரு தட்டு சுமார் 600 கலோரி. அந்தச் சோறு கோழிக் கொழுப்பில் வதக்கி வேக வைத்தது, கேட்டால் சில கடைகளில் வெள்ளைச் சோறு தருவார்கள். வறுத்ததைவிட வேக வைத்த கோழி, தோல் வேண்டாம், வெள்ளரிக்காய் கூடுதலாக. மீன் சூப் வாங்கினால் பொரித்த மீன் கேட்காமல் துண்டு மீன் கேளுங்கள், சூப்பில் பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். யோங் தாவ் ஃபூவும் நல்லது, தவுவும் காயும் மீன் உருண்டையும் நீங்களே கிண்ணத்தில் பொறுக்கி எடுப்பது, ஆனால் பொரித்த உருண்டைகளாகப் பொறுக்கி தேங்காய்ப்பால் ஊற்றிய லக்சா குழம்பில் போடச் சொன்னால் எதற்கு அங்கே போனோம் என்று ஆகிவிடும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), லக்சா, சார் குவே தியாவ் (எண்ணெயில் வறுத்த அரிசி நூடுல்ஸ்) மூன்றும் வாரத்தில் தினமும் வருகிற ஆட்கள் ஆகக் கூடாது. விசேஷத்துக்கு வருகிற விருந்தாளியாக இருக்கட்டும், வந்தால் ரசித்துச் சாப்பிடுங்கள்.

காலை பிராட்டா. மாவைத் தட்டி வீசும்போது கல்லில் எத்தனை தடவை நெய்யோ மார்ஜரினோ போகிறது என்று பாருங்கள். ஒன்று அளவைப் பொறுத்து சுமார் 200 கலோரி, இரண்டு சாப்பிட்டாலும் பத்தரை மணிக்குப் பசிக்கும், ஏனென்றால் அதில் மாவும் கொழுப்பும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. ஒரு பிராட்டாவைக் குறைத்து அந்த இடத்தில் இரண்டு அரை வேக்காட்டு முட்டை வாங்கலாம், காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை ஜாம்) தடவிய டோஸ்ட் விற்கிற காப்பிக்கடை எல்லாவற்றிலும் கிடைக்கும், டோஸ்டை மட்டும் விட்டுவிடுங்கள். தோசைக் கடை பக்கத்தில் இருந்தால் இரண்டு சாதா தோசை, சாம்பார் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தேங்காய்ச் சட்னி ஒரு தடவை போதும்.

இரவுதான் உங்களுக்குக் கை கொடுக்க வேண்டிய நேரம். அடுப்பு கூடாது என்றுதானே வீட்டுக்காரர் சொன்னார்? கெட்டில் வைத்துக்கொள்ளலாமா, பிரிட்ஜில் ஒரு தட்டு இடம் கிடைக்குமா என்று கேளுங்கள், இதற்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். டின்னில் அடைத்த கொண்டைக்கடலையைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, தண்ணீரில் இரண்டு தடவை அலசி உப்பை எடுத்துவிட்டு, வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சை பிழிந்தால் அடுப்பில்லாமல் ஒரு கிண்ணம் சுண்டல். சிவப்பு அவலை நனைத்துத் தயிரில் போட்டால் பத்து நிமிடத்தில் இரவுச் சாப்பாடு. தண்ணீரில் அடைத்த டூனா, சர்க்கரை இல்லாத சோயாப் பால், ஓட்ஸ், வேக வைத்து விற்கிற முட்டை. வாரத்தில் மூன்று இரவு இப்படிப் போனால் போதும், ஏழு இரவும் வேண்டாம், ஏழும் என்று ஆரம்பித்தவர்கள் இரண்டாவது வாரத்தில் பிரியாணிக் கடையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களோடு லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை என்று எழுதவில்லை, ஆனால் இல்லாமல் இருக்காது. அதை நிறுத்தாதீர்கள். ஊரைவிட்டு வந்து தனியாக அறையில் இருக்கிறவருக்கு நாலு பேரோடு தமிழ் பேசிக்கொண்டே சாப்பிடுகிற சாப்பாடு ரொம்பத் தேவை. வாழை இலையில் சோறு இரண்டாம் தடவை வைக்க வரும்போது கையைக் குறுக்கே நீட்டினால் போதும், பொரியலையும் ரசத்தையும் கூடுதலாகக் கேளுங்கள்.

எடை பார்ப்பதில் ஒன்று. காலையில், கழிவறை போய் வந்த பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். முந்தின இரவு மாலா ஹாட்பாட் (காரமும் உப்பும் தூக்கலான சீனக் குழம்பு) சாப்பிட்டிருந்தால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டலாம், அது உப்பு பிடித்து வைத்திருக்கிற தண்ணீர், கொழுப்பு ஒரே இரவில் ஒரு கிலோ ஏறாது. அதைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிட்டவர்கள் நிறைய. மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் அருமை. 79இலிருந்து 75க்கு வந்தாலே ஐந்து சதவீதம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் அந்த அளவிலேயே நல்ல பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். 68ஐ இப்போது நினைக்க வேண்டாம்.

நடப்பதற்கு இவ்வளவு நல்ல ஊர் கிடைக்காது, நிழல் பாதைகள், பூங்கா இணைப்புப் பாதைகள், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே உடற்பயிற்சிச் சாதனங்கள், எல்லாம் இலவசம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், வேலைக்குப் போகும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்குவது, இதில் ஆரம்பியுங்கள். நடந்தேன் என்று சொல்லி ஒரு மைலோ டைனோசர் (மேலே மைலோ பொடி குவித்த இனிப்புப் பானம்) வாங்கிவிடாதீர்கள், நடந்து கரைத்ததைவிட அதிகம் அதில் இருக்கும்.

கேள்வி: மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், மாதத்தில் எட்டு ஒன்பது இரவுப் பணி. வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வெளியே வரும்போது பசி தாங்காது, எதிரில் 24 மணி நேரப் பிராட்டாக் கடை. முட்டைப் பிராட்டா இரண்டு, தே தாரிக், வந்து படுத்துத் தூங்கிவிடுகிறேன். மூன்று வருடத்தில் 9 கிலோ ஏறிவிட்டது. மனக்கட்டுப்பாடு இல்லை என்று எனக்கே என் மேல் கோபமாக இருக்கிறது.

கோபம் வேண்டாம் சகோதரி. தூக்கம் கெடும்போது பசியைத் தூண்டுகிற ஹார்மோன் கூடுகிறது, வயிறு நிறைந்தது என்று சொல்கிற ஹார்மோன் குறைகிறது, அந்த நேரத்தில் உடம்பு எண்ணெயையும் இனிப்பையும்தான் கேட்கும். இரவு முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு மன உறுதியோடு கடையைத் தாண்டிப் போங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நேரத்துக்குப் பசியோடு போய்ச் சேராமல் இருக்க வழி பார்ப்போம்.

பெரிய சாப்பாட்டைப் பணிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மாலை ஏழு மணிக்கு, சோறோ சப்பாத்தியோ காயும் மீனும் பருப்புமாக நன்றாகவே. நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒரு சின்னச் சாப்பாடு கையில் இருக்க வேண்டும், விற்பனை இயந்திரத்தை நம்பிப் போகாதீர்கள். முட்டை வைத்த முழுக்கோதுமை ரொட்டி, தயிரும் பழமும், வரும் வழியில் வாங்கிய துண்டு மீன் சூப், ஏதோ ஒன்று. நடுவில் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்துவிட்டுக் காலையில் எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடுவதில்தான் அந்த 9 கிலோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பணி முடிய அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டால் எட்டு மணிப் பசி பாதியாகிவிடும். அப்புறம் அந்தக் கடைக்கே போங்கள், ஒரு சாதா தோசையோ, ஒரு முட்டைப் பிராட்டாவோ, தே தாரிக்குக்குப் பதில் சுடு தண்ணீர். தூங்கப் போகும்போது தேயிலை எதற்கு? விடியற்காலை மூன்று மணிக்கு மேல் காப்பியும் வேண்டாம், பகல் தூக்கம் ஆழமாக இருந்தால் அடுத்த நாள் பசியே வேறு மாதிரி இருக்கும். அறைக்கு இருட்டான திரை வாங்கிப் போடுங்கள், எடைக்கு அதற்கும் பங்கு உண்டு.

கேள்வி: துவாஸில் தங்கும் விடுதியில் இருக்கிறேன், கட்டுமான வேலை, வயது 38. கம்பெனி ஏற்பாடு செய்த கேட்டரிங் சாப்பாடு. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் விடியும் முன்பே பொட்டலமாக வந்துவிடும். இரவும் அதே. நாள் முழுக்க வேலை செய்தும் தொப்பை வந்துவிட்டது. போன மாதம் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்றார்கள், வெறும் வயிற்றில் 6.3. எங்களுக்கு எதையும் தேர்ந்தெடுக்கிற வசதி கிடையாது. நான் என்ன செய்ய?

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மேலே எழுதியதெல்லாம் எவ்வளவு வசதியுள்ளவர்களுக்கு எழுதியது என்று தெரிகிறது தம்பி. விடியும் முன்பே கட்டிய சோற்றை வெயிலில் பன்னிரண்டு மணிக்குப் பிரித்துச் சாப்பிடுகிறவருக்குச் சாலட் பற்றிப் பேச முடியாது.

முதலில் அந்த 6.3. அங்கே அறிக்கையில் மில்லிமோல் கணக்கு. ஊரில் உள்ள மருத்துவருக்குச் சொல்லும்போது 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், சுமார் 113 வரும். 6.1இலிருந்து 6.9 வரை எல்லைக்கோடு, 7 என்றால் சர்க்கரை நோய். நீங்கள் திரும்பி வரக்கூடிய இடத்தில்தான் இருக்கிறீர்கள், அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. விடுதியில் தங்கும் ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து முதலாளி கட்ட வேண்டிய பிரைமரி கேர் பிளான் என்கிற அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதில் உள்ள மருத்துவ நிலையத்துக்குப் போய், அந்தச் சீட்டைக் காட்டி, அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சூப்பர்வைசரிடம் சொல்லத் தயங்கினால் விடுமுறை நாளிலாவது போய்விடுங்கள்.

சாப்பாட்டில், பொட்டலத்தை மாற்ற முடியாவிட்டாலும் அதோடு சேர்ப்பதை மாற்றலாம். கேட்டரிங் சோறு மலையாக இருக்கும், குழம்பு தண்ணீராக இருக்கும், காய் என்று ஒரு கைப்பிடி முட்டைக்கோஸ். உழைக்கிற உடம்புக்கு மதியம் சோறு வேண்டும், அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். இரவுப் பொட்டலத்தில் பாதியைக் குறையுங்கள், சாப்பிட்டதும் படுக்கப் போகிறீர்கள். அந்த இடத்தில் இரண்டு முட்டை. விடுதியில் பொதுச் சமையலிடம் இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தட்டு முட்டையைப் பங்கு போட்டு வாங்கி ஒரே தடவையில் வேக வைத்துக்கொள்ளலாம். ஊறவைத்த பச்சைப்பயறு, வெள்ளரிக்காய், தக்காளி, இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா போகும்போது ஈரச்சந்தையில் ஒரு வாரத்துக்கு வாங்கி வந்துவிடுங்கள்.

வேலையிடத்தில் வெயிலுக்குக் குடிக்கிற குளிர்பானம்தான் உங்கள் சர்க்கரைக்கு முதல் எதிரி. சர்க்கரை குறைக்காத 330 மில்லி கோலா டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அது ஏழு டீஸ்பூன். தண்ணீர் குடியுங்கள், ரொம்ப வியர்த்தால் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும். ஞாயிற்றுக்கிழமை பீர், ஒரு டின்னோடு நிறுத்துங்கள், முழுவதும் விட்டால் இன்னும் நல்லது, ஒரு டின்னே சுமார் 140 கலோரி, அதோடு வருகிற பொரித்த கோழி வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கென்று பணம் மாதாமாதம் போகிறது, அது உங்கள் உழைப்பின் பணம். அறையில் இருக்கும் எல்லோருமாகச் சேர்ந்து, சோறு கொஞ்சம் குறைத்து ஒரு காயும் ஒரு பருப்பும் கூட வை என்று கேட்டரிங்காரரிடமும் கம்பெனியிலும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குறை சொல்கிறான் என்பார்கள், இருபது பேர் கேட்டால் கேட்டரிங்காரர் யோசிப்பார். கெட்டுப்போன பொட்டலம் வந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். நல்ல சாப்பாடு கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி: இணையத்தில் ஸ்லிம்மிங் காப்பி விற்கிறார்கள், இயற்கை மூலிகை என்று போட்டிருக்கிறது. தோழி பத்து நாளில் நான்கு கிலோ குறைந்தாள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். இந்த மாதிரிப் பொட்டலங்களில் சிபுட்ரமின் என்கிற மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து இருப்பதால் 2010இலேயே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. தோழிக்குப் படபடப்பு, தூக்கமின்மை, வாய் உலர்வது இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு ஊசி போட்டு எடை குறைப்பது வேறு விஷயம், அது உண்மையான மருந்து, ஆனால் மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டியது, அதையும் இணையத்தில் வாங்கக் கூடாது.

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீடியோ காலில் பார்த்தால் முகமே உப்பிப் போயிருக்கிறது. நல்ல சாப்பாடு இல்லாமல்தான் இப்படி ஆகிவிட்டான் என்று மனசு அடித்துக்கொள்கிறது. யாராவது போகும்போது முறுக்கு, அதிரசம், நெய் கொடுத்தனுப்புகிறேன். வேறு என்ன அனுப்பலாம்? (கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்)

அம்மா, உங்கள் பிள்ளை பட்டினி கிடக்கவில்லை, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். அங்கே சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை, அந்த உணவங்காடிக் கலாசாரத்தையே 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிள்ளைக்குக் குறைவது காயும் பருப்பும்தான்.

அதனால் பெட்டியை இப்படி மாற்றிக் கட்டுங்கள். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஒவ்வொன்றும் கால் கிலோ. கடையில் வெறும் சோறு தனியாக வாங்க முடியும், இரண்டு கரண்டி பொடி போட்டுப் பிசைந்து பக்கத்தில் ஒரு காய் வாங்கிக்கொண்டால் அம்மா கைச் சாப்பாடு மாதிரியே இருக்கும். நெய் அனுப்பலாம், சின்ன பாட்டில். சிவப்பு அவல், வறுத்த கடலை, பொட்டுக்கடலை. முறுக்கும் அனுப்புங்கள், பத்து முறுக்கு, டப்பா நிறைய வேண்டாம், டப்பா நிறைய இருந்தால் இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினி முன்னால் அது காலியாகிவிடும். அதிரசத்தை தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் லீவுக்கு ஊருக்கு வரும்போது மூன்று வாரத்தில் மூன்று வருடத்துச் சாப்பாட்டையும் போட்டு அனுப்ப வேண்டாம். காலையில் இட்லி நாலு, மதியம் இரண்டு காயோடு சோறு, வாழைத்தண்டு, சுண்டைக்காய், முருங்கைக்கீரை, அங்கே தினமும் கிடைக்காதது எதுவோ அதைச் செய்து போடுங்கள். போனில் கூப்பிடும்போது குண்டாகிவிட்டாய் என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவருக்கே தெரியும், நாள் முழுக்க உறுத்தும். இன்றைக்கு மதியம் என்ன காய் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். தினமும் கேளுங்கள், நாலு நாள் மழுப்புவார், ஐந்தாவது நாள் நீங்கள் கேட்பீர்களே என்பதற்காகவாவது கடையில் கீரையைக் கை காட்டுவார்.